சைரன் அடிக்காத காலை

மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது என் மடிக்கணினியில் ஒரு கருவியை நிறுவினேன். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தால், தொலைவிலுள்ள இன்னொரு கணினியின் திரையைப் பார்த்து, நமக்குப் பதிலாக அதுவே கிளிக் செய்யும். அந்த இன்னொரு கணினி போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தது.

முன்பெல்லாம் ஜீப்பில் மேலே போய்ப் பார்த்த வேலை. குழந்தை பிறந்தபின் போடியில் வீட்டிலிருந்தே பார்த்தேன். உலர்த்தும் அறைகளின் சூடு கணினியில் பதிவாகும். இணைப்பு அறுந்தால் திரை நடுவே ஒரு பெட்டி வரும். 'ஓகே' அமுக்கினால்தான் பதிவு தொடரும். மலையில் இணைப்பு நாளுக்கு எத்தனையோ முறை அறும். பால் கொடுக்கும்போதும் ஒரு கை மௌசில் இருக்கும்.

நிறுவுவது சுலபமாக இல்லை. முதலில் அப்படியொரு கட்டளையே கிடையாது என்றது கணினி. பிறகு அனுமதி இல்லை என்றது. இணையத்தில் யாரோ எழுதியிருந்தபடி எல்லா அனுமதியையும் கொடுத்தேன். மூன்று முறை படித்தும் அது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. கடைசியாக, ஸ்டோர் கணினியில் ஒருவர் சம்மதம் தர வேண்டும். அங்கே அடுப்புப் பார்க்கும், சிலமலை ஊர்க்கார அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நீலமா ஒரு பொத்தான் தெரியுதாண்ணே? அதை அமுக்குங்க."

"ஒண்ணும் ஆயிராதுல்ல ஆத்தா? பெறவு மொதலாளி என் தோல உரிச்சிருவாரு."

"ஆகாதுண்ணே."

"அமுக்கிட்டேன். இனி ஒனக்குச் சோலியே இல்ல. கால நீட்டிப் படு."

திரை நடுவில் பெட்டி வந்தால் 'ஓகே' அமுக்கு என்று கருவிக்கு எழுதினேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலை மகளைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனேன்.

திரும்பி வருவதற்குள் மேலே ஓர் அறைக் காய் முழுவதும் சூடு மிஞ்சி, பச்சை நிறம் போய்க் கருகிவிட்டது. சூடு கூடினால் ஸ்டோரில் சைரன் அடிக்கும். அடிக்கவில்லை என்றார் அண்ணன். முதலாளி அதை அடித்துப் பார்க்கச் சொன்னார். நன்றாகவே அடித்தது. "காது அவிஞ்சுபோன ஆள வச்சு என்ன பண்றது" என்று மறுநாளே அவரை வேலையைவிட்டு நிறுத்திக் கீழே அனுப்பிவிட்டார்.

கருவி தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதி வைத்திருந்தது. சூடு கூடிய எச்சரிக்கையும் அதே இடத்தில் பெட்டியாகத்தான் வரும். 'ஓகே' அமுக்கினால் சைரன் நின்றுவிடும். அந்த ஸ்டோரில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியும். அன்று வந்த ஒவ்வொரு எச்சரிக்கையையும், சத்தம் எழும் முன்பே, என் கருவி அமுக்கியிருந்தது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு ஊசிக் காய்ச்சல் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் ஒரே நாளில் விட்டிருந்தது. ஐந்தாம் நாள் முதலாளியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப அதச் சரி பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேங்கய்யா. அந்த அண்ணன..."

"புது ஆளு வந்தாச்சு. காய் கருகுற வாசம்கூடவா அவனுக்குத் தெரியல? நீ உன் சோலியப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு சிலமலைக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தேனியில் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததாக அவர் மனைவி சொன்னார். ஒரு குறையும் இல்லை என்றாராம் டாக்டர். அண்ணன் அதை நம்பவில்லை.

"அன்னிக்கு அந்தப் பொத்தான நான் தப்பா அமுக்கிட்டனா ஆத்தா?"

"இல்லண்ணே. சைரன நிறுத்துனது நான் போட்ட கருவிதான்." நடந்ததைச் சொன்னேன். முதலாளியிடம் சொன்னதையும், அவர் பதிலையும் சொன்னேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்குக் காது கேக்குது" என்றார்.

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.