ராக்காயிக்குக் காட்டாத வயிறு

மலத்தோடு ரத்தம் வந்ததை நான் முதன்முதலில் பார்த்தது அறுபதாம் வருஷம் ஐப்பசியில். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கருணைக்கிழங்கு சாப்பிட்டேன், மோர் குடித்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏழு மாதம் அப்படியே ஓட்டினேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ரத்தம் வந்தால், தயவுசெய்து ஒளிக்காதீர்கள். அந்த ஏழு மாதத்தை நினைத்து நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

வகுப்பில் மயங்கி விழுந்த அன்று என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த சர்ஜன் விரல் விட்டுப் பரிசோதித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே என் கணவரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

"மலக்குடல்ல புற்று இருக்கு. ஆபரேஷன் பண்ணினா பிழைக்க வழி உண்டு. ஆனா ஆசனவாயையே எடுத்துத் தைச்சுடணும். அப்புறம் மலம் வயித்து வழியாத்தான் வரும்."

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை நாளைக்கு சார்?"

"ஆயுசுக்கும்."

ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்பியபோது இடதுபக்க அடிவயிற்றில் ஈரமாக ஏதோ இருப்பதை உணர்ந்தேன். கொலாஸ்டமி (பெருங்குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து வைப்பது) என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை நான் கற்றுக்கொள்ளவே பல நாள் ஆயிற்று. சிவப்பாக, ஈர உதடு போல இருந்தது. அதற்கு உணர்ச்சி கிடையாது. என்னைக் கேட்காமல் அது வேலை செய்தது. வெளியே வந்தது தோலில் பட்டு, இரண்டே நாளில் சுற்றிலும் வெந்துபோயிற்று. பின்பக்கம் தைத்த இடம் பிரிந்து ஆழமான புண்ணாகிவிட்டது. உட்கார முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. செத்திருக்கலாம் என்று நினைத்தேன். அது மிகைப்படுத்திய பேச்சு அல்ல. மிகவும் நிதானமாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் நர்ஸ் எஸ்தர் வந்தாள். பொன்னமராவதிப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். சர்ஜன் இங்கே வந்ததும் அவளை மதராஸுக்கு அனுப்பியிருந்தார். ஆறாத புண், வயிற்றுத் துவாரம், சிறுநீர் அடங்காமை இந்த மூன்றையும் பராமரிக்கக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி ஆறு மாதம். மற்ற நர்ஸுகள் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது முகத்தைச் சுளித்தார்கள். எஸ்தர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள்.

"டீச்சர், இத நாம வாய்னுதான் சொல்லணும். ஓட்டைன்னு சொல்லாதீங்க" என்றாள் முதல் நாள்.

துத்தநாகப் பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தோலில் அப்பினாள். உப்புநீரில் நனைத்த துணிச்சுருளைப் பின்புண்ணுக்குள் வைத்து, தினமும் இரண்டு வேளை மாற்றினாள். மேலே மட்டும் மூடிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும், அடியிலிருந்து ஆறி வர வேண்டும் என்பாள். மூன்றாம் வாரம் எனிமா கேன் (குடலைக் கழுவும் நீர் வைக்கும் தகரக் குவளை) ஒன்றை ஆணியில் மாட்டி, வெதுவெதுப்பான நீரை ரப்பர் குழாய் வழியாக அந்த வாய்க்குள் விடக் கற்றுக் கொடுத்தாள். காலையில் ஒரு மணி நேரம். முழுவதும் கழுவி வந்துவிட்டால் மறுநாள் காலை வரை பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு சாதாரணமாக நடமாடலாம்.

முதல் தடவை என் கையாலேயே செய்து முடித்தபோது எஸ்தர் சிரிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. "நாளைக்கி தண்ணி இன்னுங் கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றாள். அதுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

ஆனால் வார்டில் எல்லோரிடமும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றே சொல்லியிருந்தேன். திரைக்குப் பின்னால்தான் எல்லாம் நடந்தது. பார்க்க வந்த சக ஆசிரியைகளிடமும் அதையேதான் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் பக்கத்துக் கட்டிலுக்கு ராக்காயி வந்தாள். மீமிசல்காரி. கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்கிறவள். புருஷன் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். குடல் அடைத்து வயிறு வீங்கி வந்தவளுக்கு அன்றே ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். அவளுக்கும் எனக்கு வைத்தது போலவே வைத்தார்கள்.

அவள் போர்வையை விலக்கவே விடவில்லை. எஸ்தர் கிட்டே போனால் கையைத் தட்டிவிட்டாள்.

"தாயீ, என்னைய விட்ரு. இத வச்சுக்கிட்டு நான் எந்த வீட்டு வாசல்ல போயி நிக்க? பன்னிகூடப் பின்னாடிதான் போகுது."

எஸ்தர் என் கட்டிலுக்கு வந்து திரையை இழுத்து மூடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், நான் சொன்னா அந்தம்மா கேக்க மாட்டேங்குது. ஒலகத்துல தனக்கு மட்டுந்தான் இப்பிடின்னு நெனைக்கிது. நீங்க ஒரு தடவ ஒங்களுதக் காட்டினீங்கன்னா..."

"முடியாது சிஸ்டர்."

"சொல்லவாவது செய்யுங்களேன். காட்ட வேணாம்."

"என்னை விட்டுடுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எஸ்தர் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். மறுபடி கேட்கவில்லை.

பத்து நாளில் ராக்காயியின் அண்ணன் வந்து, டாக்டர் சொல்லியும் கேளாமல் அவளை அழைத்துப் போய்விட்டார். கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "வாரேன் டீச்சரம்மா. ஒங்களுக்குச் சீக்கிரம் சொகமாகட்டும்." நானும் கும்பிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தேன். காலையில் என் கணவர் வெந்நீர் போட்டுக் கொடுப்பார். கேனை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். முகம் மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். ஒருநாள்கூடக் கை நடுங்கியதில்லை, ஒருநாள்கூடத் திரும்பியதில்லை. அவர் பாராதது எனக்கு ஆறுதலா வலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புண்ணைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடைக்கூடத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதன்மேல் ராக்காயி. முதலில் அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது.

எதுவும் வெளியே வரக் கூடாது என்று அவள் சாப்பிடுவதையே நிறுத்தியிருக்கிறாள். கஞ்சித் தண்ணீர் மட்டும். அதற்கும் மேல் பழைய சேலையைக் கிழித்து வயிற்று வாய்மேல் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். எஸ்தர் கட்டை அவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கட்டின இடத்தில் சதை கறுத்து அழுகியிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சர்ஜன் சொன்னார்.

எஸ்தரோடு நின்ற பயிற்சி நர்ஸு ஒருத்தி வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எஸ்தர் தலை நிமிராமல் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் திரையை இழுக்கவில்லை. சேலையைத் தளர்த்தி, வயிற்றுக் கட்டைக் கழற்றி, பஞ்சை எடுத்தேன். ராக்காயியின் கையைப் பிடித்து என் வயிற்றின்மேல் வைத்தேன். அவள் விரல் சூடாக இருந்தது. வாயைச் சுற்றி ஒருமுறை தடவினாள்.

"ஒங்களுக்குமா டீச்சரம்மா?"

"ஆமா."

"அங்க பக்கத்துல படுத்திருந்தப்பயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நான்கு நாள் இருந்தாள். நான்கு நாளும் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சோறு வேண்டும் என்று மட்டும் கடைசி நாள் சொன்னாள். ரசம் கரைத்து ஊட்டினேன். மூன்று வாய்தான் இறங்கியது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எஸ்தரிடம் போய், "உங்க நர்ஸுங்களுக்குப் பாடம் நடத்த என் வயிறு உதவுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். "வியாழக்கிழமை வாங்க" என்றாள்.

முதல் வியாழக்கிழமை ஆறு பெண்கள் நின்றார்கள். மேஜைமேல் படுத்துச் சேலையை விலக்கினேன். உடம்பெல்லாம் கூசியது. ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள். எஸ்தர் அவள் கையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

"ஒன் மொகத்தத்தான் நோயாளி மொதல்ல பாப்பாங்க. மருந்து அப்புறந்தான். டீச்சர் மொகத்தப் பாத்துக்கிட்டே கட்டப் பிரி."

அந்தப் பெண் கட்டை அவிழ்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லை, அங்கே உணர்ச்சி கிடையாது என்றேன். சுற்றியுள்ள தோல் எரியும், அதைப் பார் என்றேன். ஆசிரியையின் குரல் எனக்குத் திரும்பி வந்தது அன்றுதான்.

அதன் பிறகு எத்தனையோ பேர் என் வயிற்றில் கற்றுக்கொண்டு போனார்கள். அறந்தாங்கிக்கும் கந்தர்வகோட்டைக்கும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. புதிதாக ஆபரேஷன் ஆனவர்களின் கட்டிலருகேயும் போய் உட்காருகிறேன். முதல் வார்த்தையாக எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் காட்டச் சொல்வார்கள். சிலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். திரும்பிக்கொண்டவர்களிடம் அதிக நேரம் உட்காருகிறேன்.

இதனால் ராக்காயிக்குச் செய்தது சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

போன மாதம் தொடை இடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இந்தத் தடவை ஏழு மாதம் காத்திருக்கவில்லை, மறுநாளே போனேன். சர்ஜன் நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் கவனிப்போம் என்றார். எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புற்று திரும்பியிருக்கிறது என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்தது.

முன்பெல்லாம் கோடை விடுமுறைக்கு என்ன செய்வது, ஓய்வு பெற்றபின் எங்கே இருப்பது என்று பேசிக்கொண்டிருப்பேன். இப்போது என் காலம் காலையில் ஒரு மணி நேரம் வெந்நீரோடு தொடங்குகிறது. தண்ணீர் முழுவதும் திரும்பி வந்துவிட்டால், எனக்கு ஒரு பகல் கிடைத்தது என்று அர்த்தம். அதைத் தாண்டி நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வியாழக்கிழமை.