லாரி கேபினில் ஒட்டிய சீட்டு

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் வாங்கினேன், செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன், ஏழரைக்கு இட்லி. என் நாட்குறிப்பில் அதுவரை எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. அடுத்த வரியில் மட்டும் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது: "8.05. மின்னஞ்சல் பறிபோனது."

அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது, உடனே உறுதி செய்யாவிட்டால் மூடப்படும் என்று ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பிய முகவரியைப் பார்க்காமல் அதிலிருந்த இணைப்பைத் தொட்டு, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டேன். கால் மணி நேரத்தில் என் கணக்கே என்னை உள்ளே விட மறுத்தது. மகளுக்கு முதுகலையில் இடம் கிடைத்த கடிதம் அதற்குள்தான் இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அதே முகவரியிலிருந்து சம்மதம் அனுப்பாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

மீட்புக்கான பக்கம், பழைய கைபேசி எண் ஒன்றுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது. கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அது டிரைவர் அண்ணாவின் எண். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் நான் எழுத்தராக இருந்தபோது தொடங்கிய கணக்கு அது. அப்போது என்னிடம் கைபேசி இல்லாததால், லோடு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அவருடைய எண்ணைக் கொடுத்தேன். எதையும் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிற நான் அதை மட்டும் மாற்றவேயில்லை.

வண்டி ஓட்டுவதை விட்டு இப்போது மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கிறார். குறியீட்டை அனுப்பச் சொல்லிவிட்டு அவரை அழைத்தேன்.

"அண்ணா, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்குதுங்க."

"கொஞ்சம் சொல்லுங்கண்ணா, அவசரம்."

"சொல்ல மாட்டனுங்க."

என் பெயரைச் சொன்னேன், ஆபீசைச் சொன்னேன், கெஞ்சினேன். "குரலையெல்லாம் இப்ப மிசினே பேசுதாமா. நீங்க அந்த அம்முணியா இருந்தா நேர்ல வாங்க, மோர் தாரேன். அம்முணி கேபின்ல ஒட்டுன சீட்டு இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது" என்று வைத்துவிட்டார். அவருடையது பட்டன் போன், முகத்தைக் காட்டவும் வழியில்லை.

கோபத்தோடுதான் கிளம்பினேன். எடப்பாடியில் பேருந்து மாறி உட்கார்ந்த பிறகு பழையது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் இறங்கித் தார்ப்பாய்க் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் அவர். "அண்ணனுக்குக் கவுறு மேலதான் காதலு" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அவர் கொண்டுபோன சரக்கில் ஒரு மூட்டைகூட நனைந்ததாக நான் எழுதியதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவருடைய பட்டியை அடைந்தேன்.

"அட, அம்முணியேதான்! பஸ்ல வாரப்ப என்னைத் திட்டுனீங்களா?"

"எடப்பாடி வரைக்கும் திட்டினேனுங்கண்ணா."

வேப்பமரத்தடியில் நின்று, என் கைபேசியில் மீட்புப் பக்கத்தைத் திறந்து மறுபடி குறியீடு கேட்டேன். அவர் போன் கூவியது. டயர் எண்ணைப் படிப்பதுபோல் ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திப் படித்தார். கணக்கு திறந்தது, கடிதம் அப்படியே இருந்தது. 12.20க்குச் சம்மதம் போயிற்று. அவர் தந்த மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன், வேறெங்கோ என் கணக்கு திறந்திருந்ததை மூடினேன், அவர் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன்.

"இத்தன வருசமா உங்க ஊட்டுச் சாவி எங்கிட்ட இருந்திருக்குது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாடகையாச்சும் கேட்டிருப்பேன்" என்றார்.

லைசென்ஸ் உறையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் ஒருவர் போனில் ஏமாந்த பிறகு எல்லா லாரிகளின் கேபினிலும் நான் எழுதி ஒட்டியது. வியர்வையில் மங்கிய என் கையெழுத்து: "போனுக்கு வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது."

அந்தச் சீட்டை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"தர மாட்டனுங்க. வேணும்னா நீங்க ஒண்ணு எழுதிக்குங்க."

ஜூன் 13, வெள்ளி. ஐந்து பத்துக்கு எழுந்தேன். வாசல் தெளிக்கும் முன் அந்த இரண்டு வரிகளையும், அவற்றின் கீழே "அவசரப்படுத்தும் கடிதத்தில் எதையும் தொடாதே" என்பதையும் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டினேன். பசை காயும்வரை கணினியைத் திறக்கவில்லை.