பங்குக் கிணற்றடி மறைப்பு

கல்யாணம் முடிந்த மூன்றாம் வருடம், எங்கள் இணுவில் வீட்டு வளவில், நான் குளிக்கும் கிணற்றடி மறைப்பில் ஓர் ஓட்டையைக் கண்டேன். யாரோ விரல் விட்டுத் தென்னோலைக் கிடுகை விலக்கியிருந்தார்கள். பக்கத்து வளவுக்கும் பங்கான கிணறு அது. அந்த வளவு வாத்தியாரின் வேலைதான் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது, வாயும் நீளம். பின்னேரம் அவருடைய மனைவிக்கு முன்னாலேயே கேட்கப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அவரைக் கேளாதையும். அது நான்தான்.”

நாலு நாள் அவரோடு கதைக்கவில்லை. சொந்த வளவில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. சண்டிலிப்பாயிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடலாமென்று உடுப்புகளையும் அடுக்கிவிட்டேன். கட்டிய மனைவியை ஒளித்து நின்று பார்ப்பானேன் என்று கடைசியில் கேட்டேன்.

“என்னைக் கண்டால் நீர் சேலைத் தலைப்பை இழுத்து விடுறீர். தனிய நிக்கேக்கை உம்முடைய முகம் வேறை. அதைப் பாக்க எனக்கு ஆசை,” என்றார் தலையைக் குனிந்தபடி.

கோபம் பாதி இறங்கியது. மீதியை விடவில்லை. “ஆசை பிழை எண்டு நான் சொல்லேல்லை. எனக்குத் தெரியாமல் பாத்ததுதான் பிழை. கேளுங்கோ. ஓம் எண்டால் பாருங்கோ.”

மறைப்பைப் புதுக்கிடுகால் அவரே அடைத்தார். அதன்பின் எல்லாம் எங்கள் அறைக்குள்தான். முப்பத்தைந்து வயது மனிதர், வகுப்பில் வெளியே போகக் கேட்கும் பிள்ளையைப்போலக் கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஓம் என்பேன். அவர் கதவருகே கதிரையில் பேசாமல் இருக்க, நான் என்பாட்டில் தலை துவட்டிச் சேலை மாற்றுவேன். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே ஆறுதலாக, மெல்ல மெல்லக் கூந்தலை விரித்ததும் உண்டு. எனக்கும் அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. கேட்கத் தெரிந்த மனிதரைக் கட்டினேனே என்று எத்தனையோ தரம் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் செத்தவீடொன்றுக்குப் போய்க் களைத்து வந்தேன். அவர் கேட்டார். “இண்டைக்கு வேண்டாம்,” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

சேலை மாற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன். நான் ஒருமுறைகூடக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.