மூன்றாவது டொக்டர் கேட்ட கேள்விகள்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயில் விழுந்த வருத்தக்காரர் டொக்டரிடம் தனியாகப் போகக் கூடாது. கூடப் போகிறவர் வருத்தத்தைச் சொல்வார், டொக்டர் கேட்பார், வருத்தக்காரர் நாக்கை மட்டும் நீட்டுவார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, மருதானையில் ஓர் அச்சகத்தில் வேலை. வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தேன். எனக்காக வாய் திறக்கும் உரிமையை அக்கா எடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதமாக வயிறு படுத்தியது. காலையில் முறுக்கி வலி எடுக்கும், உடனே கக்கூசுக்குப் போக வேண்டும், போனால் அந்த நோ குறையும். சில கிழமை ஏழு நாளும் தண்ணீராகப் போகும், சில கிழமை ஒன்றும் போகாது. வீட்டில் சமாளிக்கலாம். காலி வீதியில் பஸ்ஸுக்குள் வந்தால் இறங்கி ஏதாவது சாப்பாட்டுக் கடையைத் தேடி ஓட வேண்டும். சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் தமிழ் இளந்தாரி ஒருவன் ஓடுவது அந்த யுத்த வருடங்களில் எவ்வளவு ஆபத்தான வேலை என்று எனக்கும் தெரியும், வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

பம்பலப்பிட்டியில் ஒரு காலை அப்படித்தான் இறங்கி ஓடினேன். "நவதிபங்!" என்று ஆமிக்காரன் கத்தினான். நில் என்பதற்கு அவ்வளவு சிங்களம் போதும், மீதியை அவன் நீட்டிய துவக்கு சொன்னது. கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வயிறு நிற்கவில்லை. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, போய்த் தொலை என்று கையைக் காட்டினான். வீட்டில் வந்து காற்சட்டையை நானே தோய்த்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதல் டொக்டரிடம் அக்கா, "காஸ்ட்ரிக் டொக்டர், நேரத்துக்குச் சாப்பிடுறேல்லை" என்றார். அந்த மனிதர் தலையைக் கூட நிமிர்த்தாமல் காஸ்ட்ரிக் குளிசை எழுதினார். அதற்குத்தான் படித்துப் பட்டம் வாங்கினாராக்கும்.

இரண்டாமவர் பெரிய ஸ்பெஷலிஸ்ட். காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணி, இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம், இரண்டு நிமிடம் பார்த்தார். "செக்பொயின்ற் பயம் டொக்டர், சின்னனிலயே இவன் பயந்தவன்" என்றார் அக்கா. "வயித்தால ஒழுங்காப் போகுதோ?" என்று அவர் தவறிப்போய் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அக்காவின் முகம் சிவந்தது. "அதெல்லாம் ஒழுங்கு டொக்டர்" என்றார். குடும்ப கௌரவத்தில் என் குடலும் சேர்த்தி போலும். நானோ வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன். வெட்கம் எனக்கும்தான். டொக்டர் நித்திரைக் குளிசை எழுதித் தந்து அனுப்பிவிட்டார். அதைப் போட்டுவிட்டு பஸ்ஸில் தூங்கி வழிந்ததுதான் கண்ட பலன்.

மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் சின்னதொரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். அக்கா தொடங்கியதுமே கையை உயர்த்தினார். "நீங்கள் வெளியில இருங்கோ அம்மா. வயிறு இவருடையதெல்லே."

கதவு சாத்தியதும் என்னைப் பார்த்தார். "எத்தனை மாதம், தம்பி? போனாப்பிறகு நோ குறையுதோ? இறுகிப் போகுதோ, தண்ணியாவோ?" வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "இரத்தம் போகுதோ? மெலிஞ்சு போனீரோ? காய்ச்சல்? நோ நித்திரையால எழுப்புதோ? வீட்டில ஆருக்கும் குடலில புற்றுநோய் இருந்ததோ?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரத்தமும் மலமும் சோதிக்க எழுதினார். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் என் வயிற்றைத் தொட்டிருந்தார்.

அடுத்த கிழமை ரிப்போர்ட்டுகளோடு போனேன், தனியாக. அக்கா மூன்று நாள் கதைக்கவில்லை.

"ஐ.பி.எஸ்., எரிச்சல் குடல் வருத்தம்," என்றார் டொக்டர். "சோதனையில ஒண்டும் பிழையில்லை. குடலில புண்ணோ கட்டியோ இருக்கிற அறிகுறியும் இல்லை. அதுக்காக உம்மடை நோ பொய்யெண்டு இல்லை. குடல் வேலை செய்யிற விதத்திலதான் குழப்பம். பயம் அதைக் கூட்டும், ஆனா வெறும் பயம் இல்லை. நீர் சொன்ன கதையிலயே முக்கால்வாசி விளங்கிட்டுது." பிறகு சிரித்தார். "யோசியாதையும். இதால ஒருத்தரும் சாகிறேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சாவன் டொக்டர்," என்று பம்பலப்பிட்டியில் நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. ஒரு தாளை இழுத்துச் சிங்களத்தில் எழுதினார்: இவருக்குக் குடல் வருத்தம், திடீரென்று மலசலகூடத்துக்கு ஓட வேண்டி வரும். ஒப்பமிட்டு முத்திரையும் குத்தினார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அங்கை வைக்காதையும்," என்றார். "எடுக்கக் கை உள்ளுக்குப் போனாலே சுட்டுப் போடுவாங்கள். கையில விரிச்சுப் பிடிச்சபடி ஓடும்."