மேடத்துக்கு ஏற்ற கேமரா

போன வாரம் தங்கை மகள் ரம்யா என்னைக் கரோல் பாக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். "பெரியம்மா, எனக்குப் பழைய டிஜிட்டல் கேமரா வேணும். போன்ல எடுத்தா எல்லாம் ரொம்ப சாஃப்பா வருது, மஜாவே இல்ல" என்றாள். படம் தெளிவாக வருவது ஒரு குறை என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். சந்துக்குள் ஒரு கடை. ஒரு காலத்தில் நாங்கள் குப்பை என்று திட்டிய கேமராக்களுக்கு 'விண்டேஜ்' என்று சீட்டு ஒட்டிக் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை ரெக்சின் உறையோடு எடுத்து நீட்டினார். அந்த உறையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டியது.

"க்யா ஹுவா, என்ன ஆச்சு பெரியம்மா?" என்றாள் ரம்யா. அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. கரோல் பாக்கில் மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பருந்துகள் உட்கார்ந்திருக்கும். ஊரில் காக்கை எப்படியோ அப்படி இங்கே பருந்து. அம்மாவிடம் போனில் சொன்னால் நம்பவில்லை. படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றுதான் கேமரா ஆசை தொடங்கியது. பிறகு அம்மா எப்போதோ நம்பிவிட்டாள், ஆசை மட்டும் நிற்கவில்லை. பழைய பத்திரிகைக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளாக வாங்கிப் படித்தேன். லென்ஸே நீண்டு தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் ஜூம் வேண்டும். படத்தை வெறுமனே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் ஜூம் ஏமாற்று. வெயிலில் திரை தெரியாது, ஆகவே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை வேண்டும். பான் கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். என் சம்பளத்துக்குள் இந்த மூன்றும் உள்ள கறுப்பு கேமரா ஒன்று இருந்தது. அதன் படத்தைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தேன், மாப்பிள்ளை போட்டோ மாதிரி.

அலுவலகத்தில் சுந்தரேசன் என்று ஒருவர் இருந்தார், எனக்கு இரண்டு படி மேலே. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். பிலிம் காலத்திலிருந்தே போட்டோ எடுப்பவர் என்று பெயர். என் டிபன் பாக்ஸிலிருந்து மோர்மிளகாயைக் கேட்காமலே எடுத்துக் கடிப்பார். "கேமராவா? தனியாப் போனா தலையில மொளகா அரைச்சிடுவான். நான் வரேன்" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்பேன், பதில் சுந்தரேசனுக்குப் போகும். கறுப்பு கேமராவைக் காட்டச் சொன்னேன். "மேடம் கே ஹாத் மே பாரி லகேகா, சார்" என்றார். என் கைக்குக் கனமாம். ஊரில் குடம் தூக்கின கை இது. பிறகு பிங்க் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். அட்டையில் 'பன்னிரண்டு மெகாபிக்சல்' என்று கொட்டை எழுத்து.

"சார், இதுல ஜூம் சும்மா இழுத்துக் காட்டறதுதான்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பர்த்டே, கோயில்னு எடுக்கப் போறீங்க. இது மேடத்துக்கு ஏத்த கேமரா. நான் சொல்றேன்ல?" என்றார் சுந்தரேசன்.

அப்போது எனக்கு ஹிந்தி அரைகுறை. இரண்டு ஆண்கள் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அந்தப் பிங்க் சனியனை வாங்கிக்கொண்டு வந்தேன். இலவசமாக ஒரு ரெக்சின் உறை. அதன் நாற்றம் தலையணை வரை ஒட்டியது.

பொத்தானை அழுத்தினால் அது ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் பருந்து போய்விடும். பருந்து இல்லாத வானமாக நிறையச் சேர்த்தேன். அட்டையில் போட்டிருந்த மெகாபிக்சலும் ஊதிப் பெருக்கிய கணக்கு என்று பிறகு தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். சீல் உடைத்தாயிற்று, முடியாது என்றார்கள்.

ஞாயிறுகளில் அலுவலகத்தில் சிலர் படம் எடுக்கக் கிளம்புவோம். அப்படி ஒரு நாள் பழைய டெல்லிக்குப் போனபோது சுந்தரேசன் கழுத்தில் அந்தக் கறுப்பு கேமரா தொங்கியது. நான் கத்தரித்து வைத்திருந்த அதே கேமரா.

"நீங்க வேண்டாம்னு விட்டீங்களே, நல்ல சாமான்மா அது" என்றார்.

நான் வேண்டாம் என்றேனாம்!

கொஞ்ச நேரத்தில் பூரிக் கடையைப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பிடிம்மா" என்று கேமராவை என் கையில் கொடுத்துப் போனார். தெருமுனையில் ஒரு பெரியவர் ஏதோ நேர்த்திக்கடனுக்காக இறைச்சித் துண்டுகளை மேலே வீசிக்கொண்டிருந்தார். பருந்துகள் சுழன்று இறங்கின. கண்ணைத் துளையில் வைத்தேன். நகம் விரித்துக் கீழே பாய்கிற பருந்து, அதற்குக் கீழே பெரியவரின் தூக்கிய கை, இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு துண்டு. அழுத்தினேன். கிடைத்துவிட்டது.

சுந்தரேசன் வந்து எண்ணெய் விரலால் திரையைத் தடவிப் பார்த்தார். "பரவால்லியே, நல்லா வந்திருக்கே." படம் அவருடைய மெமரி கார்டில் இருந்தது. ஒரு பிரதி கேட்டேன். தருகிறேன் என்றார். கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னார்.

அடுத்த பொங்கலுக்குக் குவார்ட்டர்ஸ் ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பருந்து. கீழே 'வேட்டை. படம்: சுந்தரேசன்.' பக்கத்திலேயே அவர் நின்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தார் என்று.

"சார், அது நான் எடுத்த படம்லா" என்றேன்.

"கேமரா என்னுதும்மா. கார்டும் என்னுது" என்றார் சிரித்துக்கொண்டே. நாலு பேரும் சிரித்தார்கள்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். மறுநாள் அவர் பெயரிலேயே புதுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் பரிசும் அவருக்கே, ஓர் எவர்சில்வர் ஹாட்பாக்ஸ். திங்கட்கிழமை மதியம் ஒன்றுமே நடக்காததுபோல என் டிபன் பாக்ஸுக்குள் கையை நீட்டினார். மூடியை அழுத்தி மூடினேன். பிறகு தனியாகப் போய், என் ஓட்டை ஹிந்தியிலேயே சண்டை போட்டு, அந்தக் கறுப்பு கேமராவை வாங்கினேன். பல வருஷம் உழைத்தது. பருந்துகளும் கிடைத்தன. அந்தப் பருந்து கிடைக்கவில்லை.

ரம்யாவோடு கடைக்குப் போய்வந்த அன்று, ஏதோ ஒரு வேகத்தில் சுந்தரேசனின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். ரிட்டயராகிக் கோயம்புத்தூர் போயிருந்தார். அவர் மனைவி எடுத்தார். சுந்தரேசன் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிறதாம். தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பருந்துப் படமா? அவரு எடுத்ததுலயே அதுதாங்க பெஸ்ட்டு. வீடு மாத்தறப்ப சட்டம் ஒடைஞ்சு போச்சு. கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சுங்க."

"அது நான் எடுத்தது" என்றேன்.

"அப்படிங்களா?" என்றார். பிறகு மெதுவாக, "அவரே போயிட்டாரு. இனி யாரு எடுத்திருந்தா என்னங்க?"

சட்டம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, படம் மாட்டிய ஹாலையும் குவார்ட்டர்ஸோடு சேர்த்து இடித்தாயிற்று. அவரும் இல்லை. செத்துப்போனவர் மேல் அருவருப்பு வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருக்கிறதே, என்ன செய்ய?