ஜெயவேல் அனுப்பிவைத்த கண்

ஜெயவேல் பெயரைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் டிரைவர் அவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, யாரிடமும் வம்புக்குப் போக மாட்டார். ஆனால் எங்கள் ஆய்வில் சேர்ந்த அத்தனை பேரிலும் என் உயிரை வாங்கியவர் அவர்தான்.

என் பெயர் நர்மதா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து ராயபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே கண்புரை ஆபரேஷன் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துவார்கள். சிலருக்குச் சில மாதம் போனதும் அந்த உறையின் பின்பக்கம் மங்கிப்போகும். ஓரம் கூராக இருக்கிற லென்ஸ் வைத்தால் அந்த மங்கல் குறைவா, ஓரம் உருண்டையாக இருக்கிற லென்ஸ் வைத்தால் குறைவா என்பதுதான் கேள்வி. யாருக்கு எதை வைத்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது, செக்கப் செய்யும் டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆபரேஷன் ஆனவர்களைத் தேடிப் பிடித்துச் செக்கப்புக்குக் கூட்டிவருவது என் வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். ஒருவர் கொடுத்த போன் நம்பர் பேரனுடையது. பேரன் எடுக்கவே மாட்டான். மணலியில் ஒரு பெரியவர் வீட்டைத் தேடி, டேங்கர் லாரிகளுக்கு நடுவே புகையைத் தின்றுகொண்டு போய் நின்றால், "கண்ணு நல்லாதான கீது, அப்பறம் இன்னாத்துக்கு வரணும்?" என்று கதவைச் சாத்துவார். நல்லா இருக்கிற கண்ணையும் பார்த்தால்தான் அது ஆய்வு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

காசிமேட்டுக்காரர்கள் இன்னொரு ரகம். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கட்டிக் கிடக்கும்போது, கும்பலாக வந்து ஆபரேஷன் செய்துகொள்வார்கள். தடை முடிந்த மறுநாள் ஒருத்தரும் கரையில் இருக்க மாட்டார்கள். செக்கப் தேதி வரும்போது அவர்கள் நடுக்கடலில். கடலுக்கு நான் எந்த பஸ் பிடித்துப் போவது?

ஜெயவேலும் அப்படி ஒரு மே மாதம்தான் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு இந்தத் தடைக்காலம், இடது கண்ணுக்கு அடுத்த தடைக்காலம் என்று அவரே முடிவு கட்டிவிட்டிருந்தார். படகு ஓனர் ராமதாஸ், "கண்ண சரி பண்ணினு வா, இல்லாட்டி ஸ்டேரிங்க வேற ஆளாண்ட குட்த்துர்வேன்" என்று சொல்லியிருந்தாராம். வாலிபத்திலிருந்து பிடித்த ஸ்டேரிங் அது. அது போனால் வலை இழுக்கிற ஆளாகத்தான் படகில் ஏற வேண்டும். அறுபதை நெருங்குகிறவரை வலை இழுக்க யார் ஏற்றுவார்கள்?

ஆய்வைப் பற்றி நான் விளக்கியபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எந்த லென்ஸு வெச்சாங்கன்னு உனுக்கே தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"டாக்டருக்கு?"

"செக்கப் பண்ற டாக்டருக்கும் தெரியாது."

"நல்லா நட்த்துறீங்க போ," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"செக்கப்புக்கு மட்டும் வராம இருந்துடாதீங்கண்ணே. உங்க எடம் காலியா இருந்தா மொத்த வேலையும் கெட்டுப்பூடும்."

"காலியா வுட மாட்டேம்மா," என்றார். சொன்ன மாதிரியே முதல் இரண்டு செக்கப்புக்கும் வந்தார். பார்வை கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் நம்பித் தொலைத்தேன்.

ஆறாம் மாதச் செக்கப் நவம்பரில் வந்தது. அன்றைக்கு நான் வேறொருவரைத் தேடித் திருவொற்றியூரில் அலைந்துகொண்டிருந்தேன். டாக்டர் மதி போன் செய்தார். அவர் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஜெயவேலை முன்னே பார்த்ததில்லை.

"நர்மதா, உடனே வாங்க. ஜெயவேல் கண்ணுல நாம வெச்ச லென்ஸைக் காணோம்."

"காணோம்னா டாக்டர்?"

"காணோம்! அவரோட சொந்த லென்ஸ் உள்ள உட்கார்ந்திருக்கு. புரையே இல்ல."

விழுந்தடித்து வந்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நீலமேகம். ஜெயவேலின் தம்பி, அதே படகில் வேலை செய்கிறவர். அண்ணன் ஜாடை அப்படியே. கையில் அண்ணனின் ஆஸ்பத்திரி அட்டை. வாசலில் இருந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"இன்னாண்ணே இது அநியாயம்?" என்று கத்தினேன்.

"அண்ணன் போட்டுக்குப் போய்க்கீது மேடம். எடம் காலியா இருக்கக்கூடாதுன்னு என்னை அன்ப்ச்சுது. போட்டுல ஒர்த்தன் வர முடியலன்னா வூட்லருந்து இன்னொர்த்தன் போவோம்ல? அந்த மாரிதான்."

படகில் அப்படித்தான் வழக்கம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தம்பியோ மகனோ போய் நிற்பார். பங்கு அந்த வீட்டுக்கு வந்துவிடும். அதை யாரும் ஏமாற்று என்று நினைக்க மாட்டார்கள். ஆளே அனுப்பாமல் விடுவதுதான் அங்கே தப்பு. அதற்காக? கண்ணுக்குக்கூடவா ஆள் மாற்றுவார்கள்? எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் திட்டியது எதுவும் நீலமேகத்தின் காதில் ஏறவில்லை. "முட்ச்சிட்டீங்களா மேடம்? நான் ஹார்பருக்குப் போவணும்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். படகு வர இன்னும் நாள் இருக்கிறதே, இப்போது அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அதற்குள் எழுந்துவிட்டார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறி நடந்து போனார்.

படகு திரும்புகிற அன்று காலையில் நான் துறைமுகத்துக்குப் போனேன். ஜெயவேலை இறங்குகிற இடத்திலேயே பிடித்து, நாலு பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். படகுகள் வந்து நிற்கும் மேடையின் விளிம்பில் நீலமேகம் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் காணவில்லை. பக்கத்தில் வாங்கிவைத்த டீ ஆறிக் கிடந்தது.

"இன்னாண்ணே, வூட்டுக்கே போவலயா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "மேடம், ஓனர் காதுக்குப் போவக்கூடாது. அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ண கண்ணும் மறுபடி மங்கிப்போச்சு. புரை திரும்பி வந்துட்சின்னு அதுக்கு பயம். சொன்னா ஸ்டேரிங்க புடுங்கிடுவாங்கல்ல? நான்தான் பக்கத்துல நின்னுகினு சொல்லுவேன். அது கப்பல், இது போட்டு, ரைட்ல ஒடின்னு. அண்ணன் திருப்பும். ஜிபிஎஸ் வழியத்தான் சொல்லும், எதுக்கால வர்றத சொல்லாதுல்ல."

"அப்போ இந்த வாட்டி?"

"இந்த வாட்டி நான் உங்காண்ட வந்துட்டேனே மேடம்."

காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கிற கடல். அதில் படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, முன்னால் நிற்பது எது என்று தெரியாத ஒருவர் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். திட்டிவிடலாம் என்று வந்த எனக்கு இப்போது அந்த மனுஷன் வந்து சேர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. நானும் நீலமேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

படகு வந்தது. நீலமேகம் துள்ளி எழுந்து, "அண்ணா, ரைட்ல ஒடி! ரைட்ல!" என்று கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். அப்படியும் பக்கத்துப் படகை உரசிக்கொண்டுதான் வந்து நின்றது. ஏலத்துக்காகக் காத்திருந்த ராமதாஸ், "இன்னா ஜெயவேலு, கண்ணு தெர்லியா?" என்று சத்தம் போட்டார்.

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார். நான் நடுவில் புகுந்தேன். "செக்கப் தேதி தாண்டிப்போச்சு சார். இப்பவே கூட்டினு போறேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. ராமதாஸ் மீன் கூடைகளைப் பார்த்தபடி, போ என்று கையை ஆட்டினார்.

ஆட்டோவில் ஏறியதும் என் வாய் மூடவில்லை. "புரை ஒரு தடவ எடுத்தா திரும்ப வராதுண்ணே. உறைதான் மங்கிக்கீது. கத்தி கிடையாது, லேசர்ல கொஞ்ச நேர வேலை. ஆபரேஷன் அன்னிக்கே சொன்னோமே!"

"சொன்னியா?" என்றார்.

டாக்டர் மதி பார்த்தார். உறைதான். எந்த மங்கலைப் பற்றித் தெரிந்துகொள்ள இத்தனை பேர் பின்னால் நான் நாயாக அலைகிறேனோ, அந்த மங்கல். லேசர் முடிந்து, மருந்தின் கூச்சம் அடங்கிய பிறகு ஜெயவேலை வெளியே கூட்டிவந்தேன். படியில் நீலமேகம் உட்கார்ந்திருந்தார். ஜெயவேல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா இப்டி எளச்சிட்ட?" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஏண்ணே, கடல்ல இவர வுட்டா உங்களுக்குக் கண்ணே கிடையாது. இவர இங்க அனுப்பிட்டு, அத்தினி பேர ஏத்தினு போனீங்களே, அறிவு கீதா?"

ஜெயவேல் நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியாத மாதிரிப் பார்த்தார்.

"நீதானம்மா எடம் காலியா இருக்கக்கூடாதுன்ன? கண்ணு செக்கப்புக்கு, கண்ணு தெரியாதவனயா அன்ப முடியும்? எங்கிட்ட இருந்ததுல நல்ல கண்ணத்தான் உனுக்கு அன்ப்ச்சேன்."

இந்த மனுஷனை நான் என்ன செய்வது? இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.