ஞானப்பிரகாசமும் சிவப்பு வெளிச்சமும்

சனிக்கிழமைகளில் வெறும் போத்தல்களைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது ஞானப்பிரகாசத்தின் வேலை. மூன்று வருடங்களாக அந்தப் பெட்டியில் பியர்ப் போத்தல் இல்லை, சோடாத்தண்ணீர்ப் போத்தல்கள் மட்டுமே. “டாக்டர் சொன்னாரா?” என்று கடைக்காரி ஒருமுறை கேட்டாள். இல்லை, வானம் சொன்னது என்று விளக்க அவரிடம் ஜெர்மன் போதவில்லை.

முன்பெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தால் பல்கனியில் ஒரு பியர். இந்த நாடு தனக்குத் தந்த ஒரே சுகம் அதுதான் என்பார். தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், இருட்டிய பிறகு, அவர்கள் இருந்த வுப்பர்டால் நகரத்துக்கு வடக்கே வெகுதூரத்தில் இடிமழை. தலைக்கு மேலே வானம் வெளித்திருந்தது. அடிவானத்து மேகத்தில் பெரிதாக ஒரு மின்னல் வெட்ட, அதற்கும் வெகு உயரத்தில் சிவப்பு வெளிச்சமொன்று தோன்றி மறைந்தது. மேலே குடை, கீழே தொங்கும் இழைகள். மன்னார்க் கடலில் மிதக்கும் இழுதுமீனைப் போல.

சும்மா இருந்திருக்கலாம். மனைவி கொறற்றியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சிவப்போ? கதிர் கதிராயோ? ஐயோ, அது நெஞ்சில கதிர் எறிக்கிற திருஇருதய ஆண்டவரல்லோ! கையில போத்தலோட இருக்கேக்க காட்டியிருக்கிறார். இன்னுமோ விளங்கேல்லை உங்களுக்கு?”

அவள் போகும் செபக்கூட்டத்துக்கும் உடனே விளங்கிவிட்டது. அந்த ஆவணியில் கெவலார் மாதா கோவிலில், கூட்டமே பார்த்திருக்க, இனிப் பியர் தொடுவதில்லை என்று மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்துகொண்டார். காட்சி கண்டவர் என்று முன்வரிசைக் கதிரை கிடைத்தது. அதில் இருந்து தாகத்தோடு செபித்தார்.

தொண்ணூற்றேழில் மகள் நடாலி தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

“அப்பா, நீங்கள் கண்டது இதுதான்!”

அதே குடை, அதே இழைகள். பலத்த மின்னல் மேகத்திலிருந்து நிலத்துக்குப் பாய்ந்தால், மேகத்துக்கு மேலே, அறுபது எழுபது கிலோமீற்றர் உயரத்து மெல்லிய காற்றிலும் மின்சாரம் கிளம்பி, கண் இமைப்பதற்குள் சிவந்து அணைகிறதாம். விமானிகள் பலர் முன்பே கண்டும், பைத்தியம் என்பார்களென்று வாயைத் திறக்கவில்லையாம்.

“கெட்டிக்காரர்,” என்றார் ஞானப்பிரகாசம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறற்றியை இருத்தி, படத்தை இரண்டு தரம் போட்டுக் காட்டினார்.

“அப்ப அந்தப் பெரிய மின்னல் இல்லாட்டி சிவப்பு வராதோ?” என்று கேட்டாள் அவள்.

“வராது.”

“மின்னலை விட்டது ஆர்?”

“ஆர் விட்டாலென்ன, எனக்கெண்டு விடேல்லையே! அங்கால ஒல்லாந்துக்காரனும் கண்டிருப்பான். அவன் குடிச்சுக்கொண்டுதானே இருக்கிறான்?”

“அவனுக்கு எடுத்துச்சொல்ல ஒரு மனிசி இருந்திருக்காது.”

ஞானப்பிரகாசம் குரலைத் தாழ்த்தினார். “இஞ்சாரும் கொறற்றி. ஞாயிறுகளில மட்டும். ஒண்டே ஒண்டு. குடிக்கலாமோ?”

கொறற்றி மேசையிலிருந்த கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.